மனுசன் அடித்த மாதிரி

கையில் கோல் பிடிக்காமல், தோலில் ஒரு தட்டுத் தட்டாமல், பாட்டு முழுவதற்கும் ட்ரம்ஸ் அடித்துக் கொடுக்கிறதுதான் என்னுடைய தொழில். வீட்டில் ஒரு அறையைச் சாத்திக்கொண்டு இதே வேலையைச் செய்து, வீட்டாரிடம் பேச்சு வாங்குகிற வேறு பேரும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் வாசித்தாலும் குறைநினைக்க மாட்டேன்.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் மகன் வெளிநாடு போகும்போது தன் கொம்பியூட்டரையும் ஸ்பீக்கர்களையும் சத்தம் வெளியே போகாமல் சுவரில் ஒட்டின பஞ்சையும் அப்படியே விட்டுவிட்டுப் போனான். அவன் வேலை செய்யும்போது தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு நின்று பார்த்ததில் கொஞ்சம், பிறகு போனில் அவனைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம், அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். பெரிய வித்தை இல்லை. திரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கும். ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் ஒரு அடி. புள்ளிக்குக் கீழே ஒரு கோடு. கோடு உயர்ந்தால் பலத்த அடி, தாழ்ந்தால் மெல்லிய அடி. மிச்சத்துக்குக் காது வேண்டும். காது எனக்குத் தோட்டத்தில் வந்தது. தண்ணீர் இறைக்கிற மிஷின் கிணற்றடியில் ஓடும். நான் குசினியில் நின்றபடியே, சத்தத்தை வைத்து, தண்ணீர் வற்றுது என்று சொல்லிவிடுவேன்.

சிக்கல் என்னவென்றால், என் மருமகன் ரஞ்சன் உண்மையான ட்ரம்ஸ்காரர். மயிலிட்டிப் பிள்ளை. திருவிழாக்களில் பாடுகிற ஒரு கோஷ்டியில் கலியாணத்துக்கு முன்பிருந்தே அடிக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனம். அதனால் அவரும் மகளும் அவர்களுடைய சின்னப் பிள்ளையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் கோலால் அடிக்கிறார், ஒருவர் புள்ளியால் அடிக்கிறார். என் வேலை திருந்தத் திருந்த அவருடைய வேலை என்ன ஆகும்? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி, ஒருவரும் வாய்திறந்து கேட்காத கேள்வி.

எத்தினை கை

முதல் முதல் எடுத்த வேலை ஒரு அம்மன் பாட்டு. எழுதிப் பாடினவர் பென்சன் எடுத்த ஒரு வாத்தியார். "அம்மாளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்று சொல்லித்தான் தந்தார். நானும் குறை வைக்கவில்லை. சின்னத் தட்டு விடாமல் ஓடியது, நடு மேளம் விழுந்தது, அதோடு பக்கத்து மேளங்கள் உருண்டன, மேலே பெரிய தட்டும் சிதறியது. எங்கே வெறுங்கட்டம் கண்டேனோ அங்கே ஒரு புள்ளி வைத்தேன். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நல்ல கலியாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி எழும்பிப் போனார்.

ரஞ்சன் அந்த நாளில் என்னோடு நேரே கதைக்க மாட்டார். மாமியார் என்ற மரியாதை. ஏதும் சொல்வதென்றால் என் மகள் சுகந்திக்குச் சொல்லுவார், அது எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவார். அன்றைக்கு யன்னலோடு போனவர் நின்றார். பாட்டை முழுவதும் கேட்டார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுகந்தி, மாமியிட்டை ஒருக்கால் கேளும், உந்தப் பாட்டுக்கு அடிக்கிறவருக்கு எத்தினை கை எண்டு."

தையல் மிஷின்

கையைக் குறைத்தேன். அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைக்க முதல், என்னுடைய கை இரண்டையும் தூக்கிக் காற்றில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். வலது கை இங்கே, இடது கை அங்கே, கால் இரண்டும் கீழே. அம்மாளுக்கு எத்தனை கையும் இருக்கலாம். அவவுக்கு ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்கு இரண்டுதான். இந்த ஒரு விஷயத்தை மறந்து எத்தனை பேர் எத்தனை பாட்டைக் கெடுத்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்ததாக வந்தவ தையற்கடை வைத்திருக்கிறவ, ஜெபக்கூட்டத்தில் பாடுகிறவ. நல்ல குரல், அடக்கமான மெட்டு. நான் வெங்காயப் பாத்தி கட்டின பழக்கத்தில், எல்லாப் புள்ளியையும் நேராக வைத்து, கோடுகள் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டி விட்டேன். திரையில் பார்க்க நல்ல வடிவு. ஒரு அடி கூடவில்லை, ஒரு அடி குறையவில்லை. அவ ஹெட்போனைக் காதில் வைத்தா. கொஞ்ச நேரத்தில் முகம் வாடிப்போனது. கோபிக்கவில்லை, பாவம். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னா: "அக்கா, நான் விடிஞ்சால் பொழுதுபட்டால் தையல் மிஷினுக்கு முன்னாலை இருக்கிற மனுசி. ஆண்டவரிட்டைப் போகேக்கையாவது உந்தச் சத்தத்தை விட்டிட்டுப் போவம் எண்டு பாத்தன்."

தவறணை

வருகிற எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான்: "மனுசன் அடிச்ச மாதிரி இருக்கவேணும்." மனுசன் எப்படி அடிக்கிறான் என்று பார்க்க எனக்குத் தூரம் போகத் தேவையில்லை. ரஞ்சன் விறாந்தையில் ஒரு தலையணையை மடியில் வைத்து, கோல் இரண்டாலும் அடித்துப் பழகுவார். நான் மரக்கறி வெட்டுகிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். வலது கை பலம், இடது கை ஒரு சொட்டு இளைப்பு. முதல் அடி விழுந்தால் அடுத்தது அதன் நிழல் மாதிரி. ஒரு அடியைப் போல இன்னொரு அடி இல்லை.

அதைக் கண்டுபிடித்த சந்தோஷப் புளுகில், மென்பொருளில் ஒரு பொத்தானையும் கண்டுபிடித்தேன். அதை அமத்தினால் அடிகளைத் தானாகவே கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி, மனுசத்தனம் கொடுக்குமாம். கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சம் மனுசன், கூடக் கொடுத்தால் முழு மனுசன் என்று நினைத்து, கடைசிமட்டும் திருப்பி விட்டேன். கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிற ஒரு தம்பிக்குச் செய்த வேலை அது. அவர் பாதிப் பாட்டுக்குத் தாளம் போட்டார். பிறகு போட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் வைத்துக்கொண்டார். மனுசன் விடுகிற பிழைக்கு ஒரு காரணம் இருக்கும், பொத்தான் விடுகிற பிழைக்குக் காரணம் இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, அடிக்கிற ஆள் கெட்டிக்காரன்தான். ஆனால் கள்ளுத் தவறணையாலை நேரை வந்து குந்தியிட்டார் போலை கிடக்கு."

காட்டுறதுக்கு ஒரு ஆள்

ரஞ்சன் அடிக்கிற கோஷ்டியின் தலைவர் குணம். கீபோர்ட் வாசிப்பார், பாடுவார், கோஷ்டி ஏறிப் போகிற வானையும் அவரே ஓட்டுவார். ஒரு பின்னேரம், ரஞ்சன் மயிலிட்டிக்குத் தாய் தகப்பனைப் பார்க்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். மருமகனைத் தேடவில்லை. நேரே என் அறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினார். வரப்போகிற திருவிழாக் காலத்துக்கு, தாங்கள் பாடுகிற பாட்டு அத்தனைக்கும் நான் ட்ரம்ஸ் செய்து தரவேண்டும் என்றார்.

காரணமும் சொன்னார். ட்ரம்ஸ் செட்டு முழுவதையும் ஏற்றி இறக்கவேண்டும். மேளம் ஒவ்வொன்றுக்கும் மைக் பிடிக்கவேண்டும். கோயில்காரர் கட்டுகிற மேடையோ கட்டில் போட்டால் கால் நீட்ட இடமில்லாத மேடை. லப்டொப்பில் இருந்தால் ஒரு பொத்தானோடு அலுவல் முடிந்தது. "அப்ப ரஞ்சன்?" என்று கேட்டேன். "ரஞ்சனை நான் விடேல்லை, அக்கா. ட்ரம்ஸ் இல்லாத கோஷ்டியைச் சனம் கோஷ்டியெண்டு எடுக்காது. ரெண்டு மேளமும் ஒரு தட்டும் காணும். அவர் இருந்து அடிக்கிற மாதிரிக் காட்டட்டும். இந்த வருசம் உப்பிடி ஓடட்டும், வாற வருசம் பாப்பம்" என்றார். 'பாப்பம்' என்றதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சுகந்திக்குச் சொன்னேன். சுகந்தி பொழுதுபட ரஞ்சனுக்குச் சொன்னாள். நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் குசினி வாசலுக்கு வந்தார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்து நேரே கதைத்தார்: "மாமி, செய்யுங்கோ. நீங்கள் செய்யாட்டி ரவுணிலை ஒருத்தன் செய்வான். ஆனால் மேடையிலை சனம் பாக்கப்போறது என்ரை முகத்தை. உங்கடை கொம்பியூட்டர் விடுற பிழைக்கு நான் பேச்சு வாங்க ஏலாது."

களைக்கிற கால்

அடுத்த நாளில் இருந்து பின்னேரங்களில் எனக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு இருந்தார். அவர் முழங்காலில் தட்டுவார், நான் புள்ளி வைப்பேன். "மாமி, உருட்டு முடிஞ்ச கையோடை அடுத்த அடியைப் போடாதேங்கோ. கை அந்தக் கரையிலை இருந்து திரும்பி வரவேணுமெல்லே" என்பார். உடனே அந்த அடியை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளுவேன். பாட்டுக்காரி தணிந்து பாடுகிற இடத்தில் கோலின் நுனி மட்டும் தொடவேண்டும் என்பார். பல்லவி மறுபடி வருவதற்கு முன்னம் சின்னத் தட்டு கொஞ்சம் வாய் திறக்கவேண்டும் என்பார். ஒரு நாள் பாட்டின் கடைசி அடிகளைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாட்டுத் துவங்கேக்கை இருக்கிற கால் இல்லை மாமி, முடியேக்கை இருக்கிற கால். கால் களைக்கும்." கடைசிப் பக்கத்துக் கால் அடிகளின் கோடுகளை எல்லாம் தாழ்த்திவிட்டேன். போட்டுக் கேட்டபோது எனக்கே முழங்கால் நோந்தது. அவருக்கு நல்ல சந்தோஷம். சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்கும்போதே ஏதோ நினைப்பு வந்து எழும்பி வெளியே போய்விட்டார்.

ஒரு பாட்டு மட்டும் அவர் இல்லாமல் முடித்தேன். சனம் எழும்பி ஆடுகிற ஆட்டப் பாட்டு. நடுவில் பாடுகிறவர்கள் மூச்சு விடுகிற இடைவெளி ஒன்று கிடந்தது. அன்றைக்கு ரஞ்சன் தகப்பனுக்கு வலை ஏற்ற உதவி செய்ய மயிலிட்டிக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் நானே ஒரு உருட்டுப் போட்டேன். மெல்லத் துவங்கி, கையைக் காலோடு பின்னி, ஓடிப்போய் விழுகிற மாதிரி. வந்து கேட்டார். திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து சுகந்தி தேத்தண்ணியோடு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்தாள். தட்டத்தை மேசையில் வைத்த வைப்பில் தேத்தண்ணி தெறித்தது. "நல்லாய் அடியுங்கோ, ரெண்டு பேரும். திருவிழா முடியட்டும், அந்தப் புள்ளியளை அள்ளிப் பிள்ளைக்குச் சோறாக்கிக் குடுக்கிறன்."

உள்ளுக்குத் துவாய்

முதல் மேடை எங்களுக்குக் கிட்டவுள்ள ஒரு பிள்ளையார் கோயிலில். மேளத்துக்குள் துவாய் அடைத்து, தட்டுக்குக் கீழே ரப்பர் வைத்து, சத்தம் வராமல் பண்ணியிருந்தார்கள். நானும் சுகந்தியும் பிள்ளையோடு சனத்துக்குள் நின்றோம். குணம் லப்டொப்பில் பொத்தானை அமத்தினார். நான் வைத்த புள்ளிகள் கோயில் வீதி முழுவதும் போய் விழுந்தன. மேலே ரஞ்சன் ஒரு அடி தவறாமல் அதனோடு ஒத்து அடித்துக்கொண்டு இருந்தார். அது லேசான வேலை இல்லை, சொல்லிவிட்டேன். சத்தம் வராத மேளத்தில், ஏற்கெனவே அடித்து முடிந்த அடியை, அப்போதுதான் அடிக்கிற மாதிரி அடிப்பது. உருட்டு வந்த இடத்தில் மட்டும் கையைக் கொஞ்சம் மழுப்பினார். எனக்குத் தெரிந்தது. சனத்துக்குத் தெரியவில்லை, பெடியள் விசில் அடித்தார்கள்.

பாட்டு முடிய, கச்சான் கடலை விற்கிற இடத்தில் நின்றோம். அவரோடு சின்ன வயதில் பந்து விளையாடின ஒருவர் சனத்தை விலத்திக்கொண்டு வந்து, தோளில் ஓங்கித் தட்டினார். கூடாத மனுசன் இல்லை. மனம் நிறைந்துதான் சொன்னார்: "மச்சான், எத்தினை வருசமாய் உன்ரை அடியைக் கேக்கிறன். இண்டைக்குத்தான்ரா நீ ஒழுங்காய் அடிச்சனி."

தலையணை இல்லாத விறாந்தை

அன்றைக்குப் பிறகு விறாந்தையில் தலையணைச் சத்தம் நின்றுபோனது. அடுத்த மேடைகளுக்கும் போனார், வந்தார். மேளத்துக்குத் துவாய் அடைத்த மாதிரி அவருக்கும் ஆரோ அடைத்துவிட்டார்கள். எனக்கு வாசலில் வேலைகள் வந்து நிற்கின்றன. நல்லாய் இருக்கு என்று சொல்லுகிறார்கள். நான் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குணம் ஒரு பின்னேரம் கதவடியில் நின்றே கதைத்துவிட்டுப் போனார். கீரிமலைப் பக்கத்து ஒரு அம்மன் கோயில் மேடை வருகிறது, அது முடிய ஒரு முடிவு எடுக்கலாம் என்றார். என்ன முடிவு என்று சுகந்தி கேட்டாள். அவருக்கும் சொல்ல விருப்பம் இல்லை, சொல்லாமல் போகவும் ஏலவில்லை. "வானுக்குள்ளை ட்ரம்ஸ் ஏத்திற இடத்திலை ஒரு டான்ஸ் பிள்ளையை ஏத்தலாம் எண்டு பெடியள் சொல்லுறாங்கள், தங்கச்சி. நான் சொல்லேல்லை, அவங்கள்தான் சொல்லுறாங்கள்."

இறங்காத ஆள்

அந்தக் கோயிலில் மேடை வடக்கு வீதி மூலையில் கட்டியிருந்தது. கோஷ்டி பாடிக்கொண்டு இருக்கும்போது சாமி வெளிவீதி சுற்றி வந்தால், பாட்டை நிற்பாட்ட வேண்டும். இது எல்லாக் கோஷ்டிக்கும் தெரிந்த முறை. ஆனால் பாடுகிறவர்களுக்கு முன்னால் வெளிச்சம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் உயரத்தில் இருக்கிற ட்ரம்ஸ்காரர்தான் சனத்தின் தலைக்கு மேலால் தீவட்டி வருகிறதைக் காண்பார். கண்டவுடன் இரண்டு கையையும் தூக்கி ஒரு முடிப்பு அடி அடிப்பார். அத்தோடு எல்லாரும் நிற்பாட்டுவார்கள். ரஞ்சன் எத்தனையோ வருசமாகச் செய்து வந்த வேலை அது. அதை ஒரு வேலை என்று ஒருவரும் எண்ணினதில்லை, நானும் எண்ணினதில்லை.

அன்றைக்கு நானும் சனத்துக்குள் நின்றேன். மழை தூறத் துவங்க, சாமியை வேகமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஆட்டப் பாட்டுப் போய்க்கொண்டு இருந்தது. ரஞ்சன் தீவட்டியைக் கண்டார். பழக்கத்தில் கை இரண்டையும் தூக்கி முடிப்பு அடி அடித்தார். துவாய்க்குள் அது விழுந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை, ஆனால் கை தூக்கினதை ஓரத்தில் கிற்றார் பிடித்தவர் கண்டு மற்றவர்களுக்குக் காட்டினார். பாட்டு நின்றது. கிற்றார் நின்றது. கீபோர்ட் நின்றது. சாமி கீழே வர நாங்கள் மேலே நிற்பது சரியில்லை என்று, எல்லாரும் மளமளவென்று மேடையால் இறங்கிக் கைகூப்பி நின்றார்கள். குணமும் இறங்கினார், ரஞ்சனும் இறங்கினார். லப்டொப்பை ரஞ்சன் நிற்பாட்டுவார் என்று குணம் நினைத்திருக்கிறார். குணம் நிற்பாட்டுவார் என்று ரஞ்சன் நினைத்திருக்கிறார். மேடையில் ஆள் இல்லை. ட்ரம்ஸ் மட்டும் அடிபட்டுக்கொண்டு இருந்தது.

ஏறி நிற்பாட்டவும் வழியில்லை. சாமி மூலையில் நிலைகொண்டுவிட்டது. அம்மாளுக்கு மேலால் ஏறி நிற்க எவன் துணிவான்? ஒலிபெருக்கிக்காரர் அங்கால் பனையடியில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் கூப்பின கையோடு நின்று, நான் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் கேட்டேன். ஐயர் கற்பூரம் கொளுத்தினார். கொளுத்தவும் என்னுடைய உருட்டு வரவும் சரியாக இருந்தது. ஒரு பிழை இல்லை. கையைக் காலோடு பின்னி, ஓடிப்போய், சாமிக்கு முன்னால் விழுந்தது. தவில்காரர் தன் தவிலைப் பார்த்தார். சனம் மேடையைப் பார்த்தது. கதிரை வெறுங்கதிரை. தீபம் காட்டி முடிந்து சாமி நகர்ந்த பிறகு, கோயில் தர்மகர்த்தா மேடையடிக்கு வந்தார். வயதான மனுசன், குரல் உயர்த்தவில்லை. குணத்தையும் பெடியளையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பிமார், நீங்கள் எல்லாரும் இறங்கிக் கும்பிட்டனீங்கள், சரி. மேலை இருந்து அடிச்ச அந்த ஆளை ஏன் இறக்கேல்லை?"

மெதுவாய் விடுங்கோ

அடுத்த நாள் குணம் வந்தார். இந்தமுறை ரஞ்சன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். கதை ஊருக்குள் பரவிவிட்டது, மற்றக் கோயில்காரரும் மிஷின் வேண்டாம் என்று சொல்லிப்போட்டினம் என்றார். "தீவட்டியைக் காண ஒரு கண் வேணும், ரஞ்சன். அது உன்னட்டைத்தான் கிடக்கு. செட்டு முழுக்க ஏத்து. துவாயளை எடுத்து எறி" என்றார். என்னைப் பார்த்து, "அக்கா, குறைநினைக்காதேங்கோ, மிச்சப் பாட்டு வேண்டாம்" என்றார். எனக்கு ஒரு பெரிய வேலை போனது. சுகந்தி உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணியும் பெரிய பனங்கட்டித் துண்டு ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். அதுவரை அவருக்கு எங்கள் வீட்டில் பனங்கட்டி கிடைத்ததில்லை.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குணம் ஒன்று சொன்னார். ஆட்டப் பாட்டில் ஒன்றும் மாறக்கூடாது. முதல் மேடைகளிலேயே அந்த உருட்டைப் பெடியள் போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மிஷினுக்குள் போட்டதும் அவர் அடித்ததைத்தான் என்று சனத்துக்கு நினைப்பு, ரஞ்சன் அடிச்ச உருட்டு என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. போகிற மேடை எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். ரஞ்சன் "ஓம்" என்றார். ஓமில் சத்தம் இல்லை. குணத்தின் வான் ஒழுங்கை திரும்பும்வரை விறாந்தையில் நின்றார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருந்து, மகளுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்: "மாமி, அது நீங்கள் போட்டது. எனக்கு அந்த வேகத்திலை வரேல்லை. ஆருக்கும் சொல்லாதேங்கோ. மெதுவாய் விடுங்கோ, நான் பிடிக்கிறன்."

கொம்பியூட்டர் வந்தால் ஆளுக்கு வேலை போய்விடும் என்று தொழில்காரர் எல்லாரும் பயப்படுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தால், ஆளுக்கு வேலை கூடித்தான் போச்சு.